திறந்த மூலச் செயற்றிட்டத்தின் எல்லை: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

(க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்)



"திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?" என்ற வினாவுக்கு உங்களில் அநேகமாக எல்லோரும் விடை எழுதிவிடுவீர்கள். மூலக் குறிமுறையைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று மனனம் செய்து வைத்திருப்பீர்கள். ஆனால் இதற்கு அடுத்த படியில் ஒரு வினா இருக்கிறது. "யாரும் மாற்றலாம் என்றால், யாரும் எதையும் அந்த மென்பொருளுக்குள் சேர்த்துவிடலாமா?" வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப்பேர் "ஆம்" என்று கையுயர்த்துகிறார்கள். அது பிழையான விடை.

ஒவ்வொரு நல்ல திறந்த மூலச் செயற்றிட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எப்படி வகுக்கிறார்கள், ஏன் வகுக்கிறார்கள், வகுக்காவிட்டால் என்ன நேரும் என்பவற்றையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். "முறைமை விருத்தி" அலகில் தேவைகளை இனங்காணல் என்ற பகுதியைப் படிக்கும்போதும் உங்கள் செயற்றிட்ட வேலையைத் தொடங்கும்போதும் இது உதவும்.

1. முதலில் சொற்களைத் தெளிவாக்குவோம்

திறந்த மூல மென்பொருள்: மூலக் குறிமுறையைப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், மாற்றியதைப் பகிரவும் அனுமதிப்பத்திரத்தின் மூலம் உரிமை வழங்கும் மென்பொருள். "இலவசம்" என்பது இதன் வரைவிலக்கணம் அல்ல. இலவசமாகக் கிடைத்தும் மூலக் குறிமுறை மூடப்பட்டிருக்கும் மென்பொருள்கள் பல உண்டு.

செயற்றிட்டம்: அந்த மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்கும் கூட்டு முயற்சி. இதில் தொண்டர்களும் இருப்பர். சம்பளம் பெறுவோரும் இருப்பர்.

பராமரிப்பாளர்: பிறர் அனுப்பும் மாற்றங்களைப் பரிசீலித்து, ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பவர்.

செயற்பரப்பு: ஒரு செயற்றிட்டம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வகுக்கும் வரம்பு.

இனிக் கவனியுங்கள். திறந்த மூல அனுமதிப்பத்திரம் உங்களுக்குத் தருவது உங்கள் கையிலுள்ள பிரதியை மாற்றும் உரிமையை. செயற்றிட்டத்தின் பிரதான பிரதிக்குள் உங்கள் மாற்றத்தை ஏற்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமையை அது தருவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விளங்கினால் கட்டுரையின் அரைவாசி விளங்கிவிட்டது என்று சொல்லலாம்.

2. எல்லை ஏன் தேவை?

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையும் நூல்களும் வாசிப்பதற்காக ஊரார் சேர்ந்து நடத்தும் இடம் அது. ஒருவர் தமது பழைய தொலைக்காட்சிப் பெட்டியை அன்பளிப்பாகக் கொண்டுவந்து வைக்கிறார். வாங்கக் காசு தேவைப்படவில்லை. ஆனால் மின்கட்டணத்தை யார் கட்டுவது? பழுதானால் யார் திருத்துவது? கிரிக்கெட் போட்டி நடக்கும் நாளில் வாசிக்க வந்தவர் எங்கே போய் இருப்பது? கொடுத்தவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். அன்று அவருடைய வேலை முடிந்துவிட்டது. நிலையத்தை நடத்துபவர்களுக்கோ வேலை அன்றுதான் தொடங்குகிறது.

மென்பொருளில் ஒரு புதிய வசதியைச் சேர்ப்பதும் இப்படித்தான். எழுதி அனுப்புபவருக்கு அது ஒரு வார வேலையாக இருக்கலாம். பராமரிப்பவர்களுக்கு அது மென்பொருள் உள்ளவரை தொடரும் வேலை. அதன் செலவை நான்கு தலைப்புகளில் நினைவில் வையுங்கள்.

(அ) பராமரிப்பு: பணிசெயல் முறைமை மாறும்போதும் வேறு பகுதிகளைத் திருத்தும்போதும் இந்த வசதியையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

(ஆ) சோதனை: இதைக் கணக்காகவே பார்க்கலாம். செயற்படுத்தவோ நிறுத்தவோ கூடிய வசதிகள் 3 இருந்தால் 2×2×2 = 8 சேர்மானங்கள் உண்டாகும். அப்படிப்பட்ட வசதிகள் 10 இருந்தால் 1024 சேர்மானங்கள். பதினோராவது வசதி ஒன்றைச் சேர்த்தவுடன் அது 2048 ஆகிவிடும். ஒரேயொரு வசதிதான் கூடியது. சோதிக்க வேண்டிய நிலைமைகளோ இரட்டிப்பாகிவிட்டன.

(இ) பாதுகாப்பு: குறிமுறை கூடக்கூட வழுக்கள் ஒளிந்திருக்கும் இடங்களும் கூடும்.

(ஈ) பயனரின் சிரமம்: பட்டிகளும் பொத்தான்களும் பெருகும்போது, தனக்குத் தேவையான ஒன்றைப் பயனர் தேட வேண்டியிருக்கும்.

மூன்று உண்மையான உதாரணங்களை இனிப் பார்ப்போம். முதலாவதில் எல்லை சுருக்கப்பட்டது. இரண்டாவதில் எல்லை தேவையிலிருந்து பிறந்தது. மூன்றாவது, எல்லையைக் கவனியாது விட்டால் என்ன நடக்கும் என்பதைக் காட்டுவது.

3. உதாரணம் ஒன்று: பயர்பொக்ஸ்

நெற்ஸ்கேப் நிறுவனம் தனது இணைய உலாவியின் மூலக் குறிமுறையை 1998 மார்ச் 31 அன்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து மொசில்லா செயற்றிட்டம் பிறந்தது. 2002 ஜூனில் மொசில்லாவின் 1.0 பதிப்பு வெளிவந்தது. அது வெறும் உலாவி மட்டுமல்ல. மின்னஞ்சல், செய்திக்குழுக்கள், முகவரிப் புத்தகம், இணையப் பக்கங்களை ஆக்கும் கருவி, உரையாடல் கருவி எனப் பலவும் ஒரே பொதிக்குள் இருந்தன. இணையப் பக்கம் ஒன்றைப் பார்க்க மட்டும் விரும்பியவரும் இந்த முழுப் பொதியையும் சுமக்க வேண்டியிருந்தது.

அச்செயற்றிட்டத்துக்குள் இருந்த சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். பெரும்பாலான மக்களுக்கு வேண்டியது நல்ல உலாவி ஒன்று. அதை மட்டும் தனியே எடுத்து, சிறியதாகவும் வேகமாகவும் செய்வோம் என்பது அவர்களின் எண்ணம். டேவ் ஹையற், பிளேக் ரொஸ் ஆகியோர் இதில் முன்னின்றனர். 2002 செப்ரெம்பரில் "பீனிக்ஸ்" என்ற பெயரில் முதற் பதிப்பு வந்தது. பெயர் இரு தடவை மாறி, 2004 நவம்பர் 9 அன்று பயர்பொக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது.

வெட்டிய பகுதிகள் என்னவாயின? இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். அவற்றைக் குப்பையில் போடவில்லை. மின்னஞ்சல் பகுதி "தண்டர்பேர்ட்" என்ற தனி மென்பொருளாகி, 2004 டிசெம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. சிலருக்கு மட்டும் வேண்டிய சிறு வசதிகளுக்காக "நீட்சி" என்ற வழி திறக்கப்பட்டது. வேண்டியவர் வேண்டிய நீட்சியை நிறுவிக்கொள்ளலாம். மற்றவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

எல்லோரும் இதனால் மகிழ்ந்தார்களா? இல்லை. பழைய பொதியையே விரும்பிய பயனர்கள் பலர் இருந்தனர். அதன் புதிய பதிப்புகளை இனித் தாம் வெளியிடப் போவதில்லை என்று மொசில்லா அமைப்பு 2005 மார்ச்சில் அறிவித்தபோது, தொண்டர்கள் சிலர் அதே மூலக் குறிமுறையை எடுத்துத் தாங்களே தொடர்ந்தார்கள். 2006 ஜனவரியில் அது "சீமங்கி" என்ற பெயரில் வெளிவந்தது. மூலம் திறந்திருந்தபடியால் ஒரு குழு "எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று சொன்னது இன்னொரு குழுவுக்கு முடிவாக இருக்கவில்லை.

4. உதாரணம் இரண்டு: சகானா

இது நமது நாட்டில் பிறந்த உதாரணம். 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை உட்படப் பல மாவட்டங்களில் பேரழிவு ஏற்பட்டது. நாட்டில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல இலட்சம் பேர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர்.

அப்போது இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் கூடி, நிவாரண வேலைக்கு உதவும் மென்பொருள் ஒன்றை விரைவாக உருவாக்கினார்கள். சிங்கள மொழியில் நிவாரணம் எனப் பொருள்படும் "சகானா" என்பதே அதன் பெயர்.

அந்த வேளையில் கணினி செய்யக்கூடிய உதவிகளைப் பட்டியலிட்டால் நூறு வரும். ஆனால் கையில் நேரம் இல்லை, ஆட்களும் குறைவு. ஆகவே களத்தில் கண்கூடாகத் தெரிந்த சிக்கல்களே எல்லையைத் தீர்மானித்தன. அவற்றைக் கீழுள்ளவாறு ஒழுங்குபடுத்தலாம்.

சிக்கல் 1: குடும்பங்கள் பிரிந்துவிட்டன. தாய் ஒரு முகாமில், பிள்ளை இன்னொரு முகாமில். இதற்கு: காணாமற்போனோர் பதிவேடு.

சிக்கல் 2: உதவ வந்த நிறுவனங்கள் ஏராளம். ஓரிடத்துக்கு ஒரே பொருள் இரு தடவை போகலாம். இன்னோர் இடத்துக்கு ஒன்றுமே போகாதிருக்கலாம். இதற்கு: எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்பதற்கான நிறுவனப் பதிவேடு.

சிக்கல் 3: எந்த முகாமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விபரம் ஓரிடத்தில் இல்லை. இதற்கு: முகாம் பதிவேடு.

சிக்கல் 4: பால்மா வேண்டும் என்று கேட்பவர் ஓரிடம், பால்மா வைத்திருப்பவர் இன்னோர் இடம். இதற்கு: உதவிக் கோரிக்கைகளையும் கிடைக்கும் உதவிகளையும் பொருத்தும் பகுதி.

ஒவ்வொரு பகுதிக்கும் நேர் எதிரே ஒரு மனிதச் சிக்கல் நிற்பதைப் பாருங்கள். "இந்தப் பகுதி ஏன் இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் ஒரே வசனத்தில் பதில் சொல்லலாம். செயற்பரப்பு நன்றாக வகுக்கப்பட்டதன் அடையாளம் அதுவே.

பின்னர் 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சி ஆகியவற்றின்போதும் சகானா பயன்பட்டது. ஆனால் ஒரு நாட்டுக்கு வேண்டியது இன்னொரு நாட்டுக்கு வேண்டியதில்லை. இதற்குத் தீர்வாக அமைந்தது கூறுகளாகப் பிரித்தல். பொதுவான அடிப்படை ஒன்றாக இருக்கும். அதன்மேல் தேவையான கூறுகளை மட்டும் செயற்படுத்திக்கொள்ளலாம். சகானாவுக்கு, சமூக நலனுக்கான செயற்றிட்டம் என்ற வகையில், 2006 ஆம் ஆண்டுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கியது.

5. உதாரணம் மூன்று: ஓப்பன் எஸ்.எஸ்.எல்

ஓப்பன் எஸ்.எஸ்.எல் என்பது இணையத்தில் செல்லும் தரவுகளை மறைகுறியாக்க உதவும் திறந்த மூல மென்பொருள். உலகின் இணையச் சேவையகங்களில் மிகப் பெரும் பங்கு இதை நம்பியிருந்தது. ஆனால் அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பில் "இதயத்துடிப்பு" என்ற புதிய வசதி சேர்க்கப்பட்டது. இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. ஒரு கணினி சிறு செய்தி ஒன்றை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மற்றக் கணினி அதே செய்தியைத் திருப்பி அனுப்பும். சில வகை இணைப்புகளுக்கு இது பயனுள்ளது. இணையத்தளம் ஒன்றைப் பார்க்கும் வழமையான இணைப்புக்கு இது பெரிதாகத் தேவைப்படவில்லை. இருந்தும் எல்லோருக்கும் தானாகவே செயற்படும்படி இது வைக்கப்பட்டிருந்தது.

அதில் ஒரு வழு இருந்தது. சொல்லப்பட்ட நீளம் உண்மையா என்று மென்பொருள் சரிபார்க்கவில்லை. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு "இதன் நீளம் 64,000" என்று ஒருவர் பொய் சொன்னால், மீதி இடத்தை நிரப்பத் தன் நினைவகத்தில் அடுத்து இருந்தவற்றையெல்லாம் சேவையகம் அள்ளிக் கொடுத்தது. அதில் பிறருடைய கடவுச்சொற்களும் இருக்கலாம், இரகசியச் சாவிகளும் இருக்கலாம். 2014 ஏப்ரல் 7 அன்று இது வெளியுலகுக்குத் தெரியவந்தது. இரண்டு வருடங்களாக யாரும் கவனிக்கவில்லை. கனடாவின் வருமானவரி முகவரகத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் திருடப்பட்டன.

இங்கே நிதானமாகச் சிந்திக்க வேண்டும். வழுவுக்குக் காரணம் நீளத்தைச் சரிபார்க்காமை. எல்லைப் பிரச்சினை அதுவன்று. ஆனால் மிகச் சிலருக்கு மட்டுமே தேவையான வசதி எல்லோருடைய கணினியிலும் இயங்கியதால், சிலருக்கு வரவேண்டிய ஆபத்து எல்லோருக்கும் வந்தது. இதுதான் எல்லை பற்றிய பாடம். "பயனுள்ளதா?" என்று கேட்டால் போதாது, "யாருக்குப் பயனுள்ளது? மற்றவர்களும் அதைச் சுமக்க வேண்டுமா?" என்றும் கேட்க வேண்டும்.

அதே 2014 ஏப்ரலில் ஓப்பன் பி.எஸ்.டி குழுவினர் இக்குறிமுறையைப் பிரதி எடுத்து, "லிப்ரே எஸ்.எஸ்.எல்" என்ற தனிச் செயற்றிட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் முதலில் செய்தது புதிதாக எழுதுவதல்ல, நீக்குவது. வழக்கொழிந்த பழைய கணினி முறைமைகளுக்கான பகுதிகள் உட்பட, முதல் வாரத்திலேயே 90,000 இற்கும் மேற்பட்ட வரிகள் நீக்கப்பட்டன.

6. தீர்மானிக்க ஐந்து கேள்விகள்

மேலுள்ள உதாரணங்களிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். புதிய வசதி ஒன்று முன்மொழியப்படும்போது இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள்.

1. செயற்றிட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்ற இது உதவுகிறதா? நோக்கம் ஒரு வசனத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் இக்கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும்.

2. யாருக்கு இது தேவை? பெரும்பாலான பயனருக்கா, சிலருக்கா?

3. வேறொரு மென்பொருள் இதை ஏற்கெனவே நன்றாகச் செய்கிறதா? செய்தால், அதோடு இணைந்து வேலை செய்யும் வழியை அமைத்தால் போதும்.

4. அடுத்த வருடமும் இதை யார் பராமரிப்பார்? பெயர் சொல்ல ஒருவரும் இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

5. மையத்தைத் தொடாமல், வெளியே ஒரு நீட்சியாக இதைச் செய்ய முடியுமா?

இரண்டாவது கேள்வியில் மாணவர்கள் ஒரு தவறு விடுவதுண்டு. தலைகளை எண்ணி, "சிலருக்குத்தான் தேவை, ஆகவே வேண்டாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது எப்போதும் சரியல்ல. கண்பார்வையற்ற ஒருவர் திரை வாசிப்பானோடு பயன்படுத்துவதற்கான வசதி தொகையில் சிலருக்கே தேவைப்படும். அது இல்லையென்றால் அந்தச் சிலருக்கு மென்பொருளே இல்லை. இன்னோர் உதாரணம் பாருங்கள். இலங்கையில் காணாமற்போனோரைத் தேட ஒரு மென்பொருளைச் செய்துவிட்டு, அதில் பெயரைத் தமிழில் எழுத முடியாது என்றால், தன் பிள்ளையின் பெயரைத் தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த ஒரு தாய்க்கு அதனால் என்ன பயன்? தமிழ் எழுத்து அங்கே மேலதிக அலங்காரம் அல்ல. நோக்கத்தின் ஒரு பகுதி. ஆகவே எண்ணிக்கைக்கு முன்னால் நோக்கம் நிற்கும். முதலாவது கேள்வி முதலாவதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

7. யார் தீர்மானிப்பது?

எல்லாச் செயற்றிட்டங்களிலும் ஒரே முறை இல்லை. மூன்று வகைகளை அறிந்திருந்தால் போதும்.

தலைவரும் பகுதிப் பொறுப்பாளர்களும்: 1991 இல் லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருனி இதற்கு உதாரணம். பகுதிப் பராமரிப்பாளர்கள் பரிசீலித்து அனுப்புவனவற்றை இறுதியில் அவர் இணைக்கிறார். இச்செயற்றிட்டத்தின் எல்லை பணிசெயல் முறைமையின் கருனி மட்டுமே என்பதையும் கவனிக்குக. உபுண்டு, டெபியன் போன்ற வெளியீடுகளே அதோடு வேறு மென்பொருள்களையும் சேர்த்து முழு முறைமையாகத் தருகின்றன.

குழு வாக்கெடுப்பு: அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் செயற்றிட்டங்களில் +1, 0, –1 என்று வாக்களிக்கும் வழக்கம் உண்டு. குறிமுறை மாற்றம் ஒன்றுக்கு எதிராக –1 இடுபவர் அதற்கான தொழினுட்பக் காரணத்தைக் கூற வேண்டும்.

சிறிய மூடிய குழு: 2000 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்.கியூ.லைற் தரவுத்தள மென்பொருளின் குறிமுறை பொதுவுடைமை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வெளியார் அனுப்பும் குறிமுறையை அக்குழு சாதாரணமாக ஏற்பதில்லை. "திறந்த மூலம் என்றால் யாரும் உள்ளே எழுதலாம்" என்ற கருத்து பிழை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பெரிய தரவுத்தளச் சேவையகங்களோடு போட்டியிடுவதும் இதன் நோக்கமல்ல. ஒரு செயலி தன் தரவை ஒரு கோப்பில் ஒழுங்காகச் சேமிக்க உதவுவதே நோக்கம். அந்தச் சிறிய எல்லைக்குள் நின்றபடியே அது கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளுக்குள் சென்றுவிட்டது.

8. "இல்லை" என்பதற்குப் பிறகு

ஒரு முன்மொழிவை மறுப்பது அதைக் கொண்டுவந்தவரை அவமதிப்பதாகாது. ஆனால் காரணம் சொல்லாமல் மறுத்தால், அல்லது பதிலே சொல்லாமல் மாதக்கணக்கில் காக்க வைத்தால், அவர் திரும்பி வரமாட்டார். தொண்டர்களால் வாழும் செயற்றிட்டத்துக்கு அது பெரிய இழப்பு. எல்லை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தால் அவர் வேலை தொடங்க முன்பே அதை வாசித்திருப்பார், உழைப்பும் வீணாகியிராது. மறுக்கப்பட்ட எண்ணத்துக்கு மூன்று வழிகள் உண்டு.

நீட்சி: மையத்துக்கு வெளியே, வேண்டியவர் நிறுவிக்கொள்ளும் பகுதியாக எழுதுதல்.

தனிச் செயற்றிட்டம்: தண்டர்பேர்ட் போல, தனக்கென நோக்கமுள்ள வேறு மென்பொருளாக வளர்த்தல்.

கிளைபிரித்தல்: முழு மூலக் குறிமுறையையும் பிரதி எடுத்து வேறு எல்லையோடு தொடர்தல். சீமங்கி, லிப்ரே எஸ்.எஸ்.எல் ஆகியன இவ்வாறு தொடர்ந்தவை. இதுவே கடைசி வழி. ஏனெனில் பராமரிப்பின் முழுச் சுமையும் பிரிந்து செல்பவர் தலையில் விழும்.

மூடிய மென்பொருளில் நிறுவனம் "இல்லை" என்றால் பயனருக்கு வேறு வழியில்லை. திறந்த மூலத்தில் "இங்கே இல்லை" என்றுதான் பொருள். ஆகவே திறந்த மூலச் செயற்றிட்டம் ஒன்று எல்லை வகுத்துக்கொள்வது திறந்த தன்மைக்கு எதிரானது அல்ல.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: பாடசாலை ஒன்றின் மாணவர்கள் நூலகத்துக்காகத் திறந்த மூல மென்பொருள் ஒன்றை உருவாக்குகின்றனர். அதன் நோக்கம்: "பாடசாலை நூலகத்தில் நூல்களைத் தேடவும், இரவல் கொடுக்கவும், திரும்பப் பெறவும் உதவுதல்." பின்வரும் முன்மொழிவுகள் ஒவ்வொன்றும் செயற்பரப்பினுள் வருமா எனக் காரணத்துடன் கூறுக.

(i) நூலாசிரியரின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து தேடும் வசதி
(ii) மாணவர்கள் தமக்குள் உரையாடும் வசதி
(iii) பிந்தித் திருப்பும் நூலுக்குத் தண்டப்பணம் கணிக்கும் வசதி
(iv) பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் கணக்குகளைப் பதியும் வசதி

விடை:

(i) வரும். நூல் தேடல் நோக்கத்தில் நேரடியாகக் கூறப்பட்டுள்ளது. தமிழ்மொழி மூலப் பாடசாலையில் தமிழில் தேட முடியாவிட்டால் அந்நோக்கம் நிறைவேறாது.

(ii) வராது. நோக்கத்துடன் தொடர்பில்லை. இதற்கு வேறு மென்பொருள்கள் உள்ளன. மேலும் மாணவரின் தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் புதிய பொறுப்பும் சேரும்.

(iii) இரவல் கொடுத்துத் திரும்பப் பெறுதலுடன் தொடர்புடையது. ஆனால் எல்லாப் பாடசாலைகளும் தண்டப்பணம் அறவிடுவதில்லை. ஆகவே வேண்டியவர் மட்டும் செயற்படுத்தும் தனிக் கூறாக அமைத்தல் பொருத்தம்.

(iv) வராது. இது வேறு வேலை, வேறு பயனர்கள். தேவையெனில் தனிச் செயற்றிட்டமாகத் தொடங்கலாம்.

புள்ளி பெறும் முறை: "வரும்", "வராது" என்று மட்டும் எழுதாதீர்கள். "ஏனெனில்" என்று தொடங்கி, வினாவில் தரப்பட்ட நோக்கத்தைச் சுட்டிக்காட்டிக் காரணம் எழுதுங்கள். (iii) போன்ற பகுதிக்கு இரண்டு விதமாகவும் விடை எழுதலாம். காரணம் பொருத்தமாக இருப்பதே முக்கியம்.

10. நீங்களே செய்து பாருங்கள்

(அ) மொசில்லாப் பொதியிலிருந்து பயர்பொக்ஸ் பிரிக்கப்பட்டதால் பயனருக்குக் கிடைத்த நன்மை ஒன்றும், சில பயனருக்கு ஏற்பட்ட பாதிப்பு ஒன்றும் தருக.

(ஆ) செயற்படுத்தவோ நிறுத்தவோ கூடிய வசதிகள் 6 கொண்ட மென்பொருளில் எத்தனை சேர்மானங்கள் உண்டு? இன்னும் இரண்டு வசதிகளைச் சேர்த்தால் எத்தனை? (விடை: 64, 256)

(இ) நீட்சி, கிளைபிரித்தல் ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு எழுதுக.

(ஈ) உங்கள் செயற்றிட்ட வேலையின் நோக்கத்தை ஒரே வசனத்தில் எழுதுக. அதன் கீழே, உங்கள் மென்பொருள் செய்யாத மூன்று விடயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகளில் எது காரணம் என்று குறிப்பிடுக.

கடைசி வினாவைத் தவறாமல் செய்யுங்கள். மற்ற மூன்றுக்கும் விடை இக்கட்டுரைக்குள் இருக்கிறது. அதற்கான விடை உங்களிடம்தான் இருக்கிறது. "செய்யாதவை" என்ற அந்தப் பட்டியலை முதல் நாளே எழுதிவிட்டால், ஒப்படைக்கும் நாளில் பாதி முடிந்த பத்து வசதிகளுக்குப் பதிலாக, ஒழுங்காக வேலை செய்யும் மூன்று வசதிகள் உங்கள் கையில் இருக்கும்.